ஓரங்கட்ட முடியாத வண்டி

“பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கங்க சார். இனிமே நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.”

டிரைவர் பெல்ட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஆயுசு முழுக்க வெளியூர் பஸ் ஓட்டிய மனுஷன் அவர். ஸ்டீயரிங் தன் கையில் இல்லாத வண்டியில் அவருக்குக் கண்ணே மூடாது. இப்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

முழங்கால் முன்சீட்டில் இடித்தது. இடது பக்கம் ஒரு பருத்த ஆசாமி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அவருடைய முழங்கை டிரைவரின் விலாவிலேயே குடியேறிவிட்டது. வலது பக்கம் மனைவி. கண்ணைத் துடைப்பதும், துடைத்த கையோடு மறுபடி அழுவதுமாக இருந்தாள்.

ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. பின்னாலிருந்து விடாமல் ஓர் இரைச்சல். பிடரியில் சில்லென்று காற்று அடித்தது.

“ஏம்மா, ஓட்டுறவரை ஒரு தடவை பார்க்க முடியுமா?” என்று மெல்லக் கேட்டார்.

சீட்டுகளுக்கு நடுவே நின்றிருந்த பெண் சிரித்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் ஓட்டுவார்கள், யாரும் உள்ளே போக முடியாது என்றாள். டிரைவர் விடவில்லை. விடிய ஒரு ஜாமம் இருக்கும்போது கண் எப்படிச் சொக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஓட்டுகிறவர் அசந்துவிட்டால் என்ன கதி என்று கேட்டார்.

“ரெண்டு பேர் இருப்பாங்க சார்.”

“ரெண்டு பேரும் அசந்துட்டா?”

தண்ணீர் வேண்டுமா என்று பேச்சை மாற்றினாள். பயணிகள் கேட்டதற்குப் பதில் தெரியாதபோது டிரைவரும் இப்படித்தான் டீக்கடையில் வண்டியை நிறுத்துவார். அதனாலேயே அவருக்குப் பயம் இன்னும் கூடியது.

மேலே போகப் போகக் காது அடைக்குமாமே, வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்றார். தலைக்கு மேலே ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினால் ஆள் வரும் என்றாள். தூங்கிப் போனால் சாப்பாட்டுக்கு எழுப்புவார்களா? பக்கத்து ஆள் மேலே சாய்ந்தால் இடம் மாற்றித் தருவார்களா? போர்வை ஒன்றுதானா, குளிருமே?

டிரைவருக்குப் பிறந்ததிலிருந்து காது வலி வந்ததில்லை. குளிரையும் அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப கொஞ்சம் ஆடும் சார். பயப்படாதீங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, சீட்டு ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு தடதடவென்று. டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சீட்டின் விளிம்பைப் பற்றினார். வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. பஸ்ஸாக இருந்தால் ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி, இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்திருப்பார்.

“கீழ என்னம்மா இருக்கு?”

“கடல் சார்.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“ரொம்ப தூரத்துக்கு.”

மனைவி அவர் கையை எட்டிப் பிடித்தாள். இரண்டு உள்ளங்கைகளும் நனைந்திருந்தன. யாருடைய வியர்வை என்று சொல்ல முடியாது.

போகிற இடத்தில் வேலை காத்திருக்கிறது, தங்க இடமும் பார்த்தாயிற்று. போய்விட்டுத் திரும்புகிற பயணமில்லை, அங்கேயே இருந்துவிடப் போகிற பயணம். தெரிந்தவர்கள் எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள், டிரைவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இந்த ஆட்டத்தில் அந்தத் தைரியமெல்லாம் உதிர்ந்து போயிற்று. வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று இருந்தது அவருக்கு.

“பாதி வழியில பயமா இருந்துச்சுன்னா எறங்க முடியாதாம்மா?”

“முடியாது சார்.” அந்தப் பெண் கையிலிருந்த தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். “போய்த்தான் ஆகணும்.”

ஆட்டம் நின்றது. டிரைவர் கண்ணைத் திறக்கவில்லை.

குக்கர் விசில் அடித்தது.

அந்தப் பெண் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள். பருத்த ஆசாமி விருட்டென்று விழித்தார். டிரைவரின் மைத்துனர்தான் அவர். பக்கத்து சீட்டுப் பயணியாக நடிக்கச் சொல்லி உட்கார வைத்ததும், கொடுத்த வேலையைத் தூங்கியே முடித்துவிட்டார். எழுந்து போய் ஜன்னல் கதவுகளைத் திறந்தார். பின்னால் உறுமிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை நிறுத்தினார். கூடம் முழுக்க மத்தியான வெளிச்சம் விழுந்தது.

“என்ன மச்சான், பிளேன் பழகிடுச்சா?” என்று சிரித்தார்.

டிரைவர் சிரிக்கவில்லை. நாற்காலியோடு தன்னைச் சேர்த்துக் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்க்கவும் இல்லை.

நாற்காலியைப் பிடித்து ஆட்டிய கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து மகள் வந்தாள். பணிப்பெண்ணின் சிரிப்பு அவள் முகத்தில் இப்போது இல்லை. “எழுந்திரிங்கப்பா, சாப்பிடலாம். நாற்காலியெல்லாம் மேஜைக்கு வேணும்.”

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கம்மா. நாளைக்கு நீ தனியா பிளேன் ஏறினதுலேர்ந்து அங்க போய் எறங்குற வரைக்கும் நான் இதுலதான் உக்காந்திருப்பேன்.”