குடலிறக்கம்

ஊசியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"இது கார்டினல் லிகமென்ட்," என்று கர்ப்பப்பையின் ஓரத்து நாரைக் காட்டினார் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டர் கிளீட்டஸ்.

"மெக்கன்ராட் லிகமென்ட். கண்டுபிடிச்சவன் பேர மறைக்கப்பிடாது," என்றது ஒலிபெருக்கி. முட்டத்து விடுதி ஒன்றில் நடந்த மகப்பேறு மருத்துவர்கள் மாநாட்டில், இந்த அறுவையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பொன்னுலிங்கத்தின் குரல்.

மேஜையில் மல்லாந்து கிடந்த நேசபாய்க்கு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. காது நன்றாகவே கேட்டது.

திரையில் முகம் தெரியாது என்று சொல்லித்தான் அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள்.

அரங்கிலிருந்து இன்னொரு குரல் வந்தது. அது கர்ப்பப்பையைத் தாங்கும் லிகமென்டே இல்லையாம். ரத்தக்குழாயைச் சுற்றிக் கிடக்கும் வெறும் நாராம். கைதட்டல் கேட்டது. கூடவே டீ கிளாஸ்கள் உரசும் சத்தமும்.

தனக்குள் கிடக்கும் ஒரு நாருக்கு இத்தனை பெயர்களா என்று நேசபாய் திகைத்தார். கர்ப்பப்பை இறங்கி, நடந்தால் தொடையில் உரசும் நிலை வந்த பிறகும் அவர் யாரிடமும் அதன் பெயரைச் சொன்னதில்லை. "கீழ ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் கணவர் ரசலையனிடம் சொன்னார்.

கர்ப்பப்பை இறக்கம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போன ரசலையன், முதல் சொல்லை மட்டும் மாற்றி, குடலிறக்கம் என்று சர்ச்சில் ஜெபக்குறிப்பு கொடுத்தார். சபை எழுந்து நின்று நேசபாயின் குடலுக்காக ஜெபித்தது.

"சார், ரத்தம் கசியுது," என்றாள் ஊசி பிடித்திருந்த இளம் டாக்டர் ரெனிஷா.

"பொறும்மா, கை எண்ணட்டு," என்றார் கிளீட்டஸ்.

எந்தப் பெயர் சரி என்று அரங்கில் ஓட்டெடுப்பு நடந்தது. கிளீட்டஸும் கையுறையோடு கையைத் தூக்கினார். ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து நேசபாய் கண்களை இறுக மூடிக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எண்ணி முடிப்பதற்குள் ரெனிஷா தைத்து முடிச்சும் போட்டுவிட்டாள். எந்தப் பெயருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. விவாதத்தை அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

சாயங்காலம் ரெனிஷா வார்டுக்கு வந்தாள். ரசலையன் மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டார்.

"எங்க வலிக்கு?"

"வயிறு," என்றார் நேசபாய்.

"வயித்துல நான் கையே வைக்கலியே."

நேசபாய் சுவரைப் பார்த்தார்.

ரெனிஷா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பன்னெண்டாங் கிளாஸ்ல எனக்கு பயாலஜி எடுத்தது நீங்கதான் டீச்சர். இனப்பெருக்கம் பாடத்த மட்டும், வீட்ல போய் வாசிச்சுக்கோங்கன்னு சொன்னிய."

நேசபாய் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"வாசிச்சேன்," என்றாள் ரெனிஷா.