ஈரம் காயாத ரேசர்

குளியலறை மாடத்தில் இருந்த ரேசர் ஈரமாக இருந்தது. அதன் இடுக்கில் சோப்பு நுரையும் குட்டை குட்டையாகக் கறுப்பு முடியும் ஒட்டியிருந்தன.

மணிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து அவன் முகத்தில் கத்தி படவில்லை. தாடி காடாக மண்டிக் கிடக்கிறது. வீட்டில் அவனையும் மனைவி நிர்மலாதேவியையும் தவிர வேறு ஆளும் கிடையாது.

விடியுமுன்பே அவன் குற்றாலத்துக்கு அருவிக் குளியலுக்குப் போய்விடுவான். அந்த நேரம் பார்த்து வந்து, சாவகாசமாகச் சவரம் பண்ணிவிட்டுப் போகிற அளவுக்கு உரிமை உள்ளவன் எவன்? அதுவும் பிளேடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்று ஞானசம்பந்தம் அண்ணாச்சி கடையில் சண்டை பிடித்து, கம்பெனி மாற்றி வாங்கிய ரேசரில்.

மாலை போட்டவன் கோபப்படக் கூடாது. ராத்திரி தனிப்பாயில் புரண்டபடி சரணம் சொல்லிப் பார்த்தான். ஐயப்பன் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. இந்தச் சந்தேகத்தோடு மலையேறுவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

மறுநாள் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பினான். குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது.

"கதவத் தெற ஏட்டி."

உள்ளே என்னவோ கீழே விழுந்தது.

"என்ன சாமி, அதுக்குள்ள வந்துட்டிய? செத்த நேரம் நில்லுங்க."

"அவன வெளிய வரச் சொல்லு. ஒண்ணும் செய்ய மாட்டேன். யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

தாழ் விலகியது. நிர்மலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். உள்ளே வாளியும் கப்பும்தான் இருந்தன.

அவள் முந்தானையை எடுத்தாள். மோவாயில் பாதி நுரை. மீதிப் பாதியில் கருகருவென்று முடி.

"ஹார்மோன் கோளாறாம், டாக்டரம்மா சொல்லுதாங்க. மாத்திர சாப்பிட்டும் வளருது. தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவியளோன்னுதான் வாயத் தெறக்கல."

மணிமுத்து சுவரில் சாய்ந்துகொண்டான். "எப்ப இருந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியே. இனிமே அண்ணாச்சிகூடச் சண்டைக்குப் போவாதிய சாமி, இத்தன வருசமா ஒங்க பிளேட மழுக்குனது நான்தான்."