அடிக்குறிப்பு ஏழு

பத்தாவது கட்டுரையில்தான் மாட்டிக்கொண்டாள்.

அதுவரை நல்ல வேட்டை. கையில் சிவப்புப் பேனா. எதிரே கல்லூரி நூலகர் பொன்னுதுரை. நடுவில் கம்ப்யூட்டர்.

பிள்ளைகள் ப்ராஜெக்ட்டில் ஒரு இணையக் கலைக்களஞ்சியத்தைப் பக்கம் பக்கமாக இறக்கிவிடுகிறார்கள், அதை ஆதாரமாக ஏற்கலாமா, பத்துக் கட்டுரை பார்த்துச் சொல்லுங்கள் என்று முதல்வர் இருவரையும் உட்கார வைத்திருந்தார்.

ஏற்கவாவது!

மில் வைத்தவனெல்லாம் அதில் வள்ளல். சங்கம் வைத்தவனெல்லாம் சதிகாரன். ஒரு கட்டுரையில் ஊர்ப் பஞ்சத்துக்கே கூலி கூட்டிக் கேட்டவன்தான் காரணம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவனுங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா சார்?"

படிவத்தில் ஒன்பது முறை எழுதினாள். நம்பத்தகாதது. ஒவ்வொரு முறையும் கை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக எழுதியது. முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்திய கை, பின்னே?

பத்தாவதைத் தேர்ந்தெடுத்தவர் பொன்னுதுரை.

மீனலோசனி மில் துப்பாக்கிச் சூடு.

செத்த மூன்று பேரில் ஒருவர் அவருடைய அப்பா. அப்போது அவருக்கு எட்டு வயது. இது அவளுக்குத் தெரியும். போன வருடம் அவருடைய அம்மா இறந்தபோது மாலையோடு போய்த் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தவள்தான்.

அவர் திரையில் ஒரு வரியைக் காட்டினார்.

விஷமிகள் சிலர் கல்லெறிந்ததால் போலீசார் சுட நேர்ந்தது.

"இந்த ஒரு வரி போகணும் மேடம். நாலு தடவ எழுதிப் போட்டுட்டேன். ஆதாரம் இருக்கு, சீக்கிரம் போடறோம், எடுக்க முடியாதுங்கறான். நாம காலேஜ் பேர்ல தப்புன்னு எழுதிக் குடுத்தா எடுத்துத்தான் ஆகணும்."

வரியின் முடிவில் புதிதாக, பொடியாக ஒரு ஏழு. அவள் அதைச் சொடுக்கினாள்.

அவர்கள் கல்லூரியின் பெயரே வந்தது. பொன்விழா மலர், பக்கம் 41.

"நம்ம மலரா?" பொன்னுதுரை எழுந்தே விட்டார். "கீழ் ரூம்ல பிரிக்காத கட்டுலதான் கெடக்கும். இருங்க, எடுத்துட்டு வந்துடறேன். எந்தப் புண்ணியவான் எழுதினான்னு பாத்துருவோம்."

படியிறங்கும் செருப்புச் சத்தம்.

அவள் தனியாக இருந்தாள்.

பக்கம் நாற்பத்தொன்றைப் பார்க்க அவளுக்கு மலர் தேவையில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. தற்காலிக விரிவுரையாளர். மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள். கிறுக்கச்சி மாதிரி வெயிலில் மில் தெரு முழுக்க அலைந்தாள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். யாரும் கல் எறியலம்மா, பூட்டுன கேட்டுக்கு முன்னால சும்மாதான் நின்னாங்க என்றாள் அந்த அம்மா. அவள் வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கல்லூரித் தாளாளர் அவளைக் கூப்பிட்டுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். மில்காரருக்குச் சம்பந்தி அவர்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. கல்லெறிஞ்சாங்கன்னு ஒரு வரி சேத்துடேன். உன் பர்மனென்ட் ஆர்டரும் என் மேசையிலதான் இருக்கு."

சேர்த்தாள். அந்த மேசையிலேயே, அவர் பேனாவை வாங்கி.

ஆதாரம் எங்கே என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. ஜூனில் வேலை நிரந்தரமானது.

மற்ற ஒன்பதிலும் அந்தக் களஞ்சியக்காரன் வாய்க்கு வந்ததைப் புளுகியிருந்தான். இதில் மட்டும் ஒழுங்காக அச்சான பக்கத்தைக் காட்டியிருக்கிறான். அவனை என்ன குறை சொல்ல? ஊரில் படித்தவள் ஒருத்தி எழுதியிருக்கிறாள், நம்பினான்.

வெட்கமே கிடையாதா என்று கேட்டாளே!

தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ள வழியிருந்தால் துப்பியிருப்பாள்.

படிவத்தில் பத்தாவது கட்டம் காலியாக இருந்தது. கீழே மதிப்பிட்டவர் கையெழுத்து. மலர் கிடைக்கக் கூடாதே என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டாள். அந்த நொடிக்காகவும் கூசினாள். கரையான் அரித்திருக்கலாம். மழை ஒழுகியிருக்கலாம்.

பொன்னுதுரை வைக்கிற இடத்தில் எதுவும் தொலைந்ததில்லை.

செருப்புச் சத்தம் மேலே வந்தது.

சட்டையெல்லாம் தூசி. மலரை அவள் முன்னால் வைத்தார். பிரிக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இது கெடக்கட்டும் மேடம். ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பேன். அந்தக் காலத்துல காலேஜ்லேருந்து ஒரு டீச்சர் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சாம். நான் அப்போ ஊர்ல இல்ல. அம்மா சொன்னது அத்தனையும் நோட்டுல எழுதிட்டுப் போச்சாம். புஸ்தகத்துல வரும்னுச்சாம். அம்மா கடைசிவரைக்கும் கேட்டுச்சு, அந்தப் புஸ்தகம் வந்துருச்சாடான்னு. நானும் இருவது வருஷமா ஒவ்வொரு அலமாரியாத் தேடறேன். அது கெடைச்சா இந்த வரி நிக்காது மேடம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அந்த நோட்டு அவள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.



அவர் கைக்கு அடியிலிருந்து மலரை மெதுவாக இழுத்தாள். நாற்பத்தொன்றைப் பிரித்தாள். அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பொன்னுதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலை வைத்து வரி வரியாகக் கல்லைத் தேடினார்.

அவள் பெயர் மேலே இருந்தது.