மாலை போட்ட கல்

கல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலையின் நடுமேசையில், பித்தளைத் தட்டில், சந்தனம் குங்குமத்தோடு அது உட்கார்ந்திருந்தது. அம்பாங் ஈயச் சுரங்கத்துக் கல். மேசைமேல் எதை வைத்தாலும் பொட்டு வைத்துவிடுவதுதானே நம் வழக்கம்.

ஜெர்மன் சண்டை முடிந்த நாளைக் கொண்டாடினார்கள். புத்தக அலமாரிகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டாயிற்று. பூகர்ப்ப சாஸ்திரம் படித்த துரை ஒருவர் பேச, வாசகசாலைச் செயலாளர் கார்த்திகேசு அதைத் தமிழில் சொன்னார்.

புஷ்பவல்லி கதவோரம் நின்றாள். அவள் புருஷன் வேலாயுதம் சண்டைக் காலத்தில் அந்தச் சுரங்கத்தில் செத்தவன். அவன் பெயரை மேடையில் சொல்வதாகக் கார்த்திகேசு வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கேட்கத்தான் அம்பாங்கிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

முன்வரிசைப் பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். புருஷன் போயும் பொட்டைப் பார், வெட்கங்கெட்டவள்.

சிப்பாய்களுக்குச் சோறு அடைத்து அனுப்பிய தகர டப்பாக்களுக்கு இந்த மண்ணின் ஈயம்தான் பூச்சு என்றார் துரை. கைதட்டினார்கள்.

மாலையைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கைக்குக் கை அனுப்பினார்கள். வெற்றிலைச் சாறு ஒட்டிய விரல்கள் அதைத் தடவின. ஒருவர் முகர்ந்து பார்த்தார். இன்னொருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

துரை சிரித்தபடி ஏதோ சொன்னார். ஒரு மழைநாளில் சுரங்கக் கரை தானாகவே சரிந்ததாம். ஒளிந்திருந்த ஈயம் அதனால்தான் வெளிப்பட்டதாம். "எல்லாம் தெய்வச் செயல்!" என்று கார்த்திகேசு தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

வேலாயுதம் அன்று அந்தக் கரைக்கு அடியில்தான் வேலை செய்துகொண்டிருந்தான். கார்த்திகேசுவுக்கும் அது தெரியும்.

அவர் ஒருமுறை கதவைப் பார்த்தார். பிறகு நன்றியுரை வாசித்தார். அலமாரி கொடுத்தவர் பெயர், பெஞ்சு கொடுத்தவர் பெயர், பன்னீர் கொடுத்தவர் பெயர்கூட வந்தது. அத்தோடு முடித்துவிட்டார். த்தூ, அதுவும் ஒரு வாக்கு!

கல் கடைசியாகப் புஷ்பவல்லியின் கைக்கு வந்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே நடந்தாள்.

கார்த்திகேசு பின்னால் ஓடிவந்தார். "அது சுரங்கக் கம்பனிக் கல், பிள்ளை. தந்திட்டுப் போங்கோ."

"ஈயத்த மட்டும் வாரிக்கிட்டு அவர உள்ளேயே விட்டுட்டீங்களேய்யா. எரிக்கத்தான் ஒண்ணும் கெடைக்கல. கருமாதிக்கு வச்சுத் தண்ணி ஊத்த ஒரு கல்லாவது வேணாமா?"



வாசற்படியில் நின்று கல்லை வெளியே எடுத்தாள். அதிலிருந்த குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

பிறகு, அதே முந்தானையால், தன் நெற்றியை.