தெரு சொன்ன சாட்சி

“உங்க அண்ணனுக்கு ஒரு சீக்கும் இல்லையாமேம்மா?”

திண்டுக்கல் தாலுகா ஆபீஸ் கிளார்க் மரியராஜ் கேட்டதும் ஜீவிதா மேஜையை ஒட்டி வந்து நின்றாள்.

“யாரு சார் சொன்னது?”

“உங்க தெருதான். புதுசா வந்த ஆபீஸரும் எங்க ஆபீஸ் அம்மா ஒருத்தரும் போன வாரம் நேர்லயே போயி விசாரிச்சிருக்காங்க. எழுதியிருக்கிறத நீயே கேளு.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். “மனுதாரர் பழனிக்குமார் நல்ல உடல்நலத்துடன் உள்ளார். பூந்தோட்டம் வைத்து வருமானம் ஈட்டுகிறார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. உதவித்தொகை தேவைப்படவில்லை.”

பூந்தோட்டமாம்! வாசலில் ஒரே ஒரு மல்லிகைச் செடி நிற்கிறது. அதற்கும் ஜீவிதாதான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

“சார், பெரியாஸ்பத்திரி டாக்டரே மனநோய்னு சர்ட்டிபிகேட் கொடுத்திருக்காரு சார்!”

“கொடுத்திருக்காரும்மா, இல்லைங்கல. தெருவே சேர்ந்து தங்கமான பையன்னு சொன்னா நாங்க என்ன பண்றது? ஒண்ணு செய். தெருவுல யாராச்சும் ஒருத்தரக் கூட்டியா. நடந்தத அவங்க எழுதிக் கொடுக்கட்டும். நாளைக்குள்ள வரலேன்னா மனுவத் தள்ளிருவாங்க.”

ஊருக்குத் திரும்பும் கன்னிவாடி பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிக்னலில் பஸ் நின்றால்கூட எரிச்சலாக வந்தது.

அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து திரும்பி ஒன்பது வருஷம் ஆகிறது. டிரான்ஸ்பார்மர் தன்னைப் பேர் சொல்லித் திட்டுகிறது என்று காதைப் பொத்திக்கொண்டு நடுரோட்டில் நிற்பான். அம்மா ஊரார் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறாள், இவள் மில்லுக்குப் போகிறாள். அவனுக்கு முடியாத நாளில் இவள்தான் லீவு போடுவாள். இனி ஒரு நாள் லீவு என்றாலும் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உதவித்தொகை வந்தால் அம்மா வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள்வாள். இதை நம்பித்தான் மூன்று மாதமாக அலைகிறாள்.

எந்தத் தெரு இப்படிச் சொன்னது? ஒன்பது வருஷமாக அவன் பேரையே மறந்துபோய் லூசு, லூசு என்று கூப்பிட்ட தெரு! அடுத்தவன் வீட்டுக்கு நல்லது ஒன்று வருகிறது என்றதும் வயிறு எரிந்துவிட்டது. போன வருஷம் அவளுக்குச் செம்பட்டி மாப்பிள்ளை கிட்டத்தட்ட முடிவானபோதும் இப்படித்தான். எந்த வாயோ அண்ணனைப் பற்றிச் சொல்லிக் கலைத்துவிட்டது. அன்றைக்கு இருந்த சீக்கு இன்றைக்கு இல்லாமல் போய்விட்டதாம்.

தெருமுனையில் காளியம்மாளின் பெட்டிக்கடை. பழனிக்குமார் தலை தெரிந்தாலே, “லூசுப்பய வாரான், பாட்டிலையெல்லாம் உள்ள எடுத்து வைங்கடி” என்று முதலில் குரல் கொடுக்கிற மகராசி அவள்தான்.

“அத்தே! போன வாரம் ரெண்டு பேரு வந்து எங்க அண்ணனப் பத்தி விசாரிச்சாங்களா?”

வாழைத்தாரில் பழம் அறுத்துக்கொண்டிருந்த காளியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஆமாத்தா, வந்தாக. அருமையான பையன், தலைவலின்னு ஒரு நாள் படுத்ததில்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்ல!”

எதிரே தையல் கடையில் இருந்து இருளப்பனும் எட்டிப் பார்த்தார். “பூந்தோட்டம் இருக்குன்னு சொன்னது நானாக்கும். பீடி, சிகரெட்டு ஒண்ணும் கிடையாதுன்னும் சேத்துச் சொன்னேன்.”

ஜீவிதா தெரு நடுவில் வந்து நின்று கத்தினாள்.

“உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா? தெனம் தெனம் லூசுன்னு சொல்ற வாயில, அன்னைக்கு ஒரு நாள் உண்மை வரலையா? வந்தவங்க தாலுகா ஆபீஸருங்க! அண்ணனோட உதவித்தொகைக்கு விசாரிக்க வந்தாங்க. நீங்க சொன்னதக் கேட்டு மனுவத் தள்ளப் போறாங்க. எங்க வயித்துல அடிச்சு என்னத்தக் கண்டீங்க?”

இருளப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

காளியம்மாளின் கையில் இருந்த பழம் நழுவி விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கடைப் பலகையை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். செருப்பைத் தேடினாள்.

“வா, இப்பவே போவோம். அஞ்சு மணிக்குள்ள திண்டுக்கல் போயிரலாம். அவன் டிரான்ஸ்பார்மரோட சண்ட போட்டது, கெணத்து மேட்டுல போயி நின்னது, எல்லாத்தையும் நானே சொல்லிக் கைநாட்டு வைக்கிறேன்.”

“அது இருக்கட்டும். மொதல்ல எதுக்குப் பொய் சொன்னீங்க? அதச் சொல்லுங்க.”

காளியம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஆணும் பொண்ணுமா ரெண்டு பேரு வந்து, குடும்பம் எப்பிடி, பையனுக்கு ஏதும் சீக்கு உண்டா, நாங்க கேட்டத அங்க சொல்லிராதீகன்னு கமுக்கமா விசாரிச்சா நாங்க என்னன்னு நெனைக்க? உன்னையப் பொண்ணு கேட்டு வந்திருக்காகன்னு நெனச்சிட்டோம்டி.”

சாத்திய பலகையில் பூட்டைப் போட்டாள்.

“போன வருசம் செம்பட்டிக்காரவுகளும் இப்பிடித்தான் வந்து கேட்டாக. அன்னைக்கு உண்மையச் சொன்ன வாயி இதுதான், தாயி.”