இடமிருந்து மூன்றாவது

‘சர்க்கரை’ என்று எழுதிய சீட்டு ஒன்று. ‘உப்பு’ என்று ஒன்று. ‘அடுப்பை அணைத்தாச்சா?’ என்று ஒன்று. மூன்றையும் டப்பாவிலிருந்தும் சுவரிலிருந்தும் பிய்த்துக்கொண்டு வந்து டாக்டரின் மேசைமேல் பரப்பி வைத்தாள் மகள்.

“எல்லாம் அப்பா கையெழுத்து டாக்டர். வெந்நீர்கூட வெச்சுப் பழக்கமில்லாத மனுஷன், சமையலறை முழுக்க ஒட்டி வெச்சிருக்கார்.”

அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் டாக்டரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளியே வராந்தாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனால்தான் வருவேன் என்று காலையில் அப்பா ஒரே பிடிவாதம், சின்னப் பிள்ளை மாதிரி.

மகளுக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதிப் பழகிய கை, அப்பாவின் தவறுகளையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தது. இரண்டு பக்கம் வந்திருந்தது. அத்தனையும் பழைய பாட்டைப் பற்றியது.

பாட்டை மறப்பதெல்லாம் பெரிய விஷயமா என்று டாக்டர் கேட்டுவிட்டார். மகளுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறார் இந்த மனிதர்?

முப்பத்திரண்டு வருடம் வானொலி நிலையத்தில் இசைத்தட்டு அறையைக் கட்டி ஆண்டவர் அப்பா. ஊசி தட்டில் பட்டு முதல் வயலின் கேட்டாலே போதும். பாடியது யார், இசை யார், எந்த வருடம் என்று சொல்லிவிடுவார். பழைய பாடகர்களுக்கெல்லாம் வீட்டில் அவர் வைத்த பெயர்தான். கரகரத்த தொண்டைக்காரர் ‘மாவு மில்’. உச்சத்தில் பாடுகிற அம்மாள் ‘கண்ணாடி’. இழைந்து இழைந்து பாடுகிறவர் ‘பட்டு’. சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் ஏறி, இப்போது மாவு மில் பாட்டு பாடப் போகிறேன் என்று சொல்லி மகளுக்கு மானம் போனதும் உண்டு.

அம்மா மட்டும் லேசுப்பட்டவளா? அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கோரஸ் பாடியவள். சாயங்காலமானால் இரண்டு பேருக்கும் ஒரே விளையாட்டு. ஒரு பாட்டைப் போடுவது, யார் பாடியது என்று யார் முதலில் சொல்வது. நாற்பது வருடமாக அப்பாதான் ஜெயிப்பார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இத்தனையையும் டாக்டரிடம் சொன்னாள் மகள்.

“ஆறு மாசமா ஒண்ணுகூட சரியில்ல டாக்டர். போன ஞாயித்துக்கிழமை பட்டு பாடின பாட்டு ஓடுது. இவர் ‘கண்ணாடி’ன்னு அடிச்சுச் சொல்றார். அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. பாவம், இவர் மனசு நோகக் கூடாதேன்னு.”

அப்பா ‘பட்டு’வின் குரலை மறந்தது, பெற்ற மகளையே மறந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு.

தனக்கு ஷிப்ட் வேலை, பக்கத்தில் இருந்து கவனிக்க முடியாது என்றாள். பராமரிப்பு இல்லம் ஒன்றில் அப்பாவுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தால் திங்கட்கிழமையே சேர்த்துவிடலாமாம். அப்படியானால் வீட்டில் யார் இருப்பார்கள் என்று டாக்டர் கேட்டார்.

“அம்மா தனியா இருந்துக்குவாங்க. அவங்களுக்கு என்ன, நல்லாத்தானே இருக்காங்க.”

அப்பா முதல் தடவையாக நிமிர்ந்தார். “தனியாவா?” என்றார்.

டாக்டர் உடனே கடிதம் எழுதிவிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஓடியது எந்தப் பாட்டு என்று கேட்டு, அதையே தன் கைபேசியில் தேடிப் போட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள், அந்த அவமானத்தை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

“பட்டு,” என்றார் அப்பா.

மகள் நிமிர்ந்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு போனார். “புல்லாங்குழல்காரருக்கு அன்னிக்கு நல்ல காய்ச்சல். நாலாவது தடவைதான் சரியா வந்துச்சு. எல்லாருக்கும் ஒரே மைக். கோரஸ்ல ஆறு பேர். இடமிருந்து மூணாவது என் சம்சாரம்.”

டாக்டர் விடவில்லை, இன்னும் இரண்டு பாட்டைப் போட்டுப் பார்த்தார். ஒன்று மாவு மில், ஒன்று கண்ணாடி. இரண்டுக்கும் பாடியவர், இசை, வருடம் எல்லாம் தயங்காமல் வந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மகளுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்றே தெரியவில்லை. ஆறு மாதமாக வேலை செய்யும் இடத்தில் மறைந்து மறைந்து அழுதிருக்கிறாள். அப்படி என்ன விளையாட்டு இது?

“எல்லாம் ஞாபகம் இருக்குல்ல? அப்புறம் ஏம்ப்பா அன்னிக்குக் கண்ணாடின்னீங்க?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார் அப்பா. மேசைமேல் கிடந்த மூன்று சீட்டுகளையும் எடுத்துக் கசங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அதது இருந்த இடத்தில் திரும்ப ஒட்ட வேண்டும். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

“முதல்ல கண்ணாடின்னது உங்கம்மா. நான் பட்டுன்னு சொன்னா, தனக்கு மறந்துபோகுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே பாப்பா.”