நாற்பத்தேழில் ஏழு பேர்

நாற்பத்தேழாம் நம்பர் போன் இருக்கும் வீட்டில் சாக நினைத்தவர் யார் என்று ஆபரேட்டர் தையல்நாயகிக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஏழு பேர். அவர்களில் ஒருவர் நேற்று மத்தியானம் போனை எடுத்து, "நம்பர் ஒண்ணும் வேணாம்மா. யார்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போயிடலாம்னு எடுத்தேன்" என்று கிசுகிசுத்தார்.

காஞ்சிபுரம் எக்ஸ்சேஞ்சில் அப்போது ஒவ்வொரு அழைப்பும் ஆபரேட்டரின் கை வழியாகத்தான் போகும். கடையிலோ வீட்டிலோ ஒருவர் போன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் அதிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கிளம்பும். இங்கே போர்டில் அந்த நம்பரின் சின்னத் தகடு டக்கென்று விழும். தையல்நாயகி கம்பியைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள்.

ஆகவே எந்த வீடு என்பது தெரியும். பேசுவது யார் என்பது தெரியாது.

குரலை வைத்தும் சொல்ல முடியாது. தொண்டை அதிராமல் வெறும் மூச்சு மட்டும் வார்த்தையாக வருவதுதான் கிசுகிசுப்பு. அதில் ஆண், பெண், கிழம், குமரி எல்லாம் ஒன்றுதான்.

நேற்று அந்த நேரத்தில் இன்னும் பல தகடுகள் விழுந்து கிடந்தன. வாலாஜாபாத் கேட்டு ஓர் அரிசி மண்டிக்காரர் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாரையும் விட்டுவிட்டு அவள் நாற்பத்தேழோடு பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே முழுதாக நினைவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் இருங்கள் என்று கெஞ்சியது மட்டும் நினைவிருந்தது.

"ம்" என்று ஒரு மூச்சு வந்தது.

அந்த 'ம்'மை நம்பித்தான் இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள். இப்போது கண் எரிந்தது. ஹெட்செட் காதை அழுத்தியது. கழற்றி வைத்துவிட்டு எங்காவது சாய்ந்துவிடலாம் போலிருந்தது.

போலீசிடம் போக முடியாது. சாக முயன்றால் குற்றம். முதலில் கேஸ்தான் எழுதுவார்கள். வீட்டாரிடமும் சொல்ல முடியாது. அந்த வீடு இருப்பது நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில். அங்கே ஒரு தறிக்குத் தெரிந்தது அடுத்த தறிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

காலையில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். பட்டுக்கடை முதலாளி கலியாணசுந்தரம் எடுத்தார். வீட்டின் முன்பக்கம்தான் கடை, போன் அங்கே அவர் மேசைமேல் இருக்கிறது. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் அவர்தான்.

அவள் பயந்துபோய், "ராங் நம்பர்" என்றுவிட்டாள்.

"ஏம்மா, நம்பர் போடறவளே ராங் நம்பர்னா, நாங்க யாரைப் போய்க் கேக்கறது?"

பின்னால் புடவை எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

லைன்மேன் யேசுதாஸ் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். மாகறல் பக்கம் ஒரு கடையோட லைன் சரியா வேலை செய்யாம இழுத்துக்கினு இருக்குது, ஆனால் கம்பியில் எங்கும் கோளாறு தெரியவில்லை என்று புலம்பினான்.

"கடையில இருக்கிற அத்தினி பேரையும் வரிசையா நிக்க வச்சி சுத்தவுட்டேன். என்னைப் பைத்தியக்காரன்றாங்க."

பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு வேகம். வேகமாகச் சுற்றினால் மின்சாரம் அதிகம். மெதுவாகச் சுற்றினால் குறைவு. பலவீனமான லைன் வேகமான கையை ஏமாற்றிவிடும், மெதுவான கையில் தகடு விழாமல் மாட்டிக்கொள்ளும்.

தையல்நாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பத்தேழில் கம்பியைச் செருகினாள்.

லைன் டெஸ்ட் என்றாள். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கைப்பிடியைச் சுற்றி, ரிசீவரை எடுத்து ஹலோ சொல்ல வேண்டும்.

"எல்லாருமா? வோட்டுப் போடற மாதிரியா?" என்றார் முதலாளி. ஆனாலும் உள்ளே குரல் கொடுத்தார்.

ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: "நாளைக்குக் கூப்பிடறேன்னு நேத்து சொன்னேன், கூப்பிட்டுட்டேன்." யாருக்குப் புரிய வேண்டுமோ அவருக்குப் புரியும்.

முதலாளியின் மனைவி கமலவேணி அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி ஹலோ சொல்லிவிட்டு, "யார்கிட்டம்மா சொன்னே?" என்றாள். பெரிய மகன் "என்னது?" என்றான். சின்னவன் சிரித்தான். மருமகள் வெட்கப்பட்டுக்கொண்டு ரிசீவரை நாத்தனாரிடம் தள்ளினாள். நாத்தனாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலாளியின் விதவைத் தங்கை, "நேத்து நீ கூப்பிடலியேம்மா, ஏதோ வேற வூடு போலக்குது" என்று பரிவோடு சொன்னாள்.

ஆறு பேர் ஆயிற்று.

தையல்நாயகி ஆறு குரலையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இவர்களில் ஒருவர் தெரிந்தும் தெரியாததுபோல் போய்விட்டார் என்று நினைத்தாள். இனி எப்படிப் பிடிப்பது?

ரிசீவர் கை மாறியது. எல்லாரையும் உள்ளே போகச் சொல்லும் முதலாளியின் அதட்டல் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு வெறும் மூச்சாக ஒரு குரல் வந்தது.

"என்கிட்ட மட்டும் அதைச் சொல்லலியேம்மா."

அவள் சொன்னாள்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாளைக்கும் டெஸ்ட் உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றாள்.

அதன்பிறகு நாற்பத்தேழாம் நம்பருக்குத் தினமும் கடை திறந்ததும் ஒரு லைன் டெஸ்ட். கைப்பிடியை முதலாளியே சுற்ற வேண்டும், வேறு கை கூடாது. தையல்நாயகிக்கு லீவு என்றால் இன்னொரு ஆபரேட்டர் தேவகி கூப்பிடுவாள். முதலாளி சுற்றவில்லை என்றால், கம்பியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு யேசுதாஸ் உடனே சைக்கிளில் கிளம்பிவிட வேண்டும்.